மூச்சைக் காத்த கைகள்

உணவின்றி மனிதன் பல நாள் தரித்திருக்கலாம். நீரின்றியும் சில நாள் தாங்கலாம். மூச்சின்றியோ சில நிமிஷங்களுக்கு மேல் உயிர்தரித்தல் அரிது. இத்தகைய மூச்சு தானே நடவாதபோது பிறர் அதனை நடத்தி உயிர் காத்தல் கூடுமோ என்பது வைத்திய நூலோரை நெடுங்காலம் மயக்கிய வினாவாகும். இவ்வினாவுக்கு விடை கிடைத்த வரலாற்றில் கல்லூரி மாணாக்கருக்கும் சிறந்ததோர் இடமுண்டு. ஆதலின் அதனை நம் கல்லூரி அன்பர்களுக்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

முதற்கண் நுரையீரலின் தொழில் இன்னதென அறிதல் வேண்டும். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் என்னும் தசை உள்ளது. அதுவும் விலாவெலும்புகளின் இடையேயுள்ள தசைகளும் கொல்லன் துருத்தியைப்போல் இயங்கிக் காற்றை உள்ளிழுக்கின்றன. அக்காற்று நுரையீரலிலுள்ள கோடிக்கணக்கான நுண்ணிய சிற்றறைகளை அடைகின்றது. ஆங்கே இரத்தம் பிராணவாயுவைக் கொண்டு, கரியமிலவாயுவை விடுகின்றது. எனவே மூச்சு தடைப்படுதற்கு வழி இரண்டு: துருத்தி நின்றுபோதல் ஒன்று, துருத்தி இயங்கியும் சிற்றறைகள் நீரால் நிரம்பிப் பயனற்றுப்போதல் மற்றொன்று.

துருத்தி நின்றுபோகும் நோய்களுள் கொடியது இளம்பிள்ளைவாதம். 1952-ஆம் ஆண்டுக் கோடையில் டென்மார்க்கு தேசத்தின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் இந்நோய் பெருவாரியாய்ப் பரவிற்று. தொற்றுநோயாளருக்கென அந்நகரில் அமைந்திருந்த பிளெக்டம் ஆஸ்பத்திரிக்கு நாள்தோறும் நோயாளர் வந்து குவிந்தனர். ஆனால் அங்கிருந்த கருவிகளோ, நோயாளியை உள்ளே கிடத்தி மூச்சு நடத்தும் இரும்புக் கூண்டு ஒன்றும், மார்பின்மேல் கவிக்கும் சிறு கருவிகள் ஆறுமே. அவ்விரும்புக் கூண்டு 1928-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகரில் டிரிங்கர், ஷா என்பவர்களால் ஆக்கப்பெற்ற வகையைச் சேர்ந்தது. கூண்டிலுள்ள காற்றைக் குறைக்குந்தோறும் மார்பு விரியும்; காற்று வாய்வழியே தானே உட்புகும். ஆயினும், நோய் தொண்டைத் தசைகளையும் பற்றியபோது, விழுங்க மாட்டாத உமிழ்நீரும் சளியும் காற்றுடனே நுரையீரலுள் இறங்கின. இவ்வாறு கருவிகளால் சிகிச்சை பெற்ற முதல் 31 பேருள் 27 பேர் இறந்தனர். இறந்தவர் பலர் குழந்தைகளே என்பதை எண்ணுங்கால் நெஞ்சு பதறும்.

தலைமை வைத்தியராகிய லாசென் என்பவர், செய்வதறியாது, பியோர்ன் இப்சென் என்னும் மயக்க மருந்து நிபுணரைக் கலந்தாலோசித்தார். நோயாளரின் இரத்தத்திற் கரியமிலப் பொருள் மிகுந்திருப்பதை வைத்தியர் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் அதனை இரத்தத்திற் காரம் மிகுந்ததன் அடையாளமெனக் கொண்டனர். இப்சென் அங்ஙனம் கொள்ளவில்லை. வெளியேற வேண்டிய கரியமிலவாயு வெளியேறாது தங்கிவிட்டதே காரணமென்றும், நோயாளர் மாள்வது மூளையின் நோயாலன்று, மூச்சுக் குறைவாலேயே என்றும் அவர் துணிந்தார். 1952 ஆகஸ்டு 27-ஆந் தேதி இத்துணிபு சோதிக்கப்பட்டது. இறக்குந் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழுத்தில் மூச்சுக்குழலைத் திறந்து, உமிழ்நீர் உட்புகாவண்ணம் ஊதி அடைக்கும் வளையமுள்ள குழாயைச் செருகினர். தொடக்கத்தில் அவள் மார்பு இறுகிக் காற்று உட்செல்லவில்லை. இப்சென் மயக்க மருந்து கொடுத்து, அவளுடைய சொந்த முயற்சி அடங்கியபின், சளியை உறிஞ்சியெடுத்து, ரப்பர்ப் பை ஒன்றைக் கையால் அழுத்தி அழுத்திக் காற்றுச் செலுத்தினார். நீலம் பாரித்திருந்த உடல் மெல்ல நிறந் திரும்பியது. சிறுமி பிழைத்தாள்.

வழி தெரிந்தது, ஆயினும் அடுத்த இடர் அதனினும் பெரிது. அந்தப் பையை இரவு பகலாக, ஒரு நிமிஷமும் விடாது, வாரக்கணக்காக அழுத்துவோர் யார்? ஒரே காலத்தில் சுமார் 70 பேருக்கு இவ்வுதவி வேண்டியிருந்தது. அத்தனை யந்திரம் அங்கே ஆயத்தமாயில்லை. அப்போது வைத்தியக் கல்லூரி மாணாக்கர் அழைக்கப்பட்டனர். சுமார் 1500 மாணாக்கர் முறைவைத்து வந்து, நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்து, பையை அழுத்தினர். அவர் உழைத்த நேரம் மொத்தத்தில் 1,65,000 மணியளவாகும் என்பர். கையில் அழுத்தம் சிறிது தடித்தால் சளி அடைத்திருக்கிறதென்று அறிந்தனர். பேசவியலாத குழந்தையின் கண்ணைப் பார்த்தே அதன் துன்பத்தை உணர்ந்தனர். சில வேளைகளில் தாம் அழுத்திக் கொண்டிருக்கும்போதே நோயாளி இறந்துபோவதையும் அவ்விளைஞர் காண நேர்ந்தது. எனினும் மறுநாள் முறைக்கு மீண்டும் வந்தனர். பத்திற்கு எட்டுக்கு மேற்பட்டோர் மாண்ட நிலைமை மாறி, நோய்ப்பரவல் முடிவதற்குள் பெரும்பாலோர் பிழைக்கும் நிலைமை எய்தியது.

இந்நிகழ்ச்சியிற் கிடைத்த பாடம் இரண்டு. காற்றை உள்ளே தள்ளி மூச்சு நடத்தலாம் என்பது ஒன்று. உயிருக்கு ஊசலாடும் நோயாளரை ஓரிடத்திற் சேர்த்து, அவர் அருகே எந்நேரமும் பயின்ற ஒருவர் இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டாம் பாடத்தையே அடிப்படையாகக் கொண்டு இப்சென் 1953-ஆம் ஆண்டில் அந்நகரத்து நகராண்மை ஆஸ்பத்திரியில் தனிப் பகுதி ஒன்றை நிறுவினார். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவு என வழங்குவதற்கு அது முன்னோடியாயிற்று.

இனி, சிற்றறைகள் நீரால் நிரம்பும் இரண்டாம் வகை இடரை நோக்குவோம். 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள டென்வர் நகரத்து வைத்தியராகிய ஆஷ்பா முதலிய நால்வர், 12 நோயாளரைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினர். விபத்து, தொற்று முதலிய வெவ்வேறு காரணங்களால் நோயுற்ற அவரனைவரும், முடிவில் ஒரேவிதமாக நுரையீரல் விறைத்து, பிராணவாயு கொடுத்தும் ஏற்காது வருந்தினர். அவருள் எழுவர் இறந்தனர். இக்கொடிய சுவாசத் தளர்ச்சி பின்னர் 'ஏ.ஆர்.டி.எஸ்.' எனக் குறிக்கப்பெற்றது.

இவர்களுக்கு யந்திரத்தால் நிறையக் காற்றுச் செலுத்துவதே நலமென்று நெடுங்காலம் எண்ணினர். ஆனால் நோயுற்ற நுரையீரலிற் காற்றேற்கும் சிற்றறைகள் சிலவே. வந்த காற்றெல்லாம் அச்சிலவற்றுள் புகுந்து அவற்றை அளவுகடந்து விரித்துக் கிழிக்குமன்றோ? இதனைத் தெளிய 861 நோயாளரைச் சீட்டுக் குலுக்குவதைப்போல் இரு கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்த முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உயரத்தைக்கொண்டு கணக்கிட்ட உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 12 மில்லிலிட்டர் வீதம் காற்றுப் பெற்ற கூட்டத்தில் 39.8 சதவிகிதத்தினர் இறந்தனர். 6 மில்லிலிட்டர் வீதம் பெற்ற கூட்டத்தில் 31.0 சதவிகிதத்தினரே இறந்தனர். உதவி மிகுவதாலேயே தீங்கு மிகுதலும் உண்டென்பது இதனால் விளங்கிற்று.

மல்லாந்து கிடப்போரின் இதயமும் நுரையீரலின் பாரமும் முதுகுப்புறச் சிற்றறைகளை அமுக்குகின்றன. ஆதலின் நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் அவை திறக்கும். பெரும்பாலும் பிரான்சு தேசத்து ஆஸ்பத்திரிகளில் 466 பேரிடம் நடந்த ஆராய்ச்சி 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மல்லாந்து கிடந்தோருள் 28 நாட்களுக்குள் இறந்தோர் 32.8 சதவிகிதம், நாளொன்றுக்கு 16 மணி நேரமேனும் குப்புறக் கிடத்தப்பட்டோருள் 16.0 சதவிகிதம். ஈண்டு மருந்து ஒன்றும் புதிதன்று. ஆனால் நினைவற்றுக் கிடக்கும் ஒருவரை, வாய்க்குழாயும் நரம்புவழிக் குழாய்களும் நழுவாமற் புரட்டுவதற்குப் பயின்ற பலர் கைகொடுத்தல் வேண்டும். அவ்வாராய்ச்சியிற் சேர்ந்த ஆஸ்பத்திரிகள் யாவும் ஐந்தாண்டுக்கு மேலாக இம்முறையிற் பழகியவை என்பதும் கருதத்தக்கது.

இன்னுமொன்று. யந்திரத்தால் மூச்சுவிடுவோருக்கு வயிற்றிலுள்ளவை மேலேறி நுரையீரலிற் புகுந்து சளிச்சுரம் உண்டாதல் கூடும். பார்சிலோனா நகரில் 86 நோயாளரிடம் நடத்தி 1999-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தட்டையாகக் கிடந்தோருள் 34 சதவிகிதத்தினருக்கு இவ்வையம் தோன்றியது. தலைப்புறம் 45 பாகை உயர்த்தப்பட்டோருள் 8 சதவிகிதத்தினருக்கே தோன்றியது. கட்டிலை உயர்த்தச் செலவொன்றுமில்லை. ஆனால் நோயாளி சரிந்துவிட்டாரா என்று பலகாற் பார்த்துச் சரிசெய்ய ஒருவர் வேண்டும்.

ஆகவே, நுரையீரலைக் காக்கும் முறைகளைப்பற்றிய ஆராய்ச்சி எத்திசையிற் சென்றாலும் தாதியரின் தொகையிலேயே வந்து முடிகின்றது. 2002-ஆம் ஆண்டில் லிண்டா எய்க்கன் முதலியோர் பென்சில்வேனியா மாகாணத்திலுள்ள 168 ஆஸ்பத்திரிகளில் அறுவை சிகிச்சை பெற்றோரைப் பற்றிய கணக்கை வெளியிட்டனர். ஒரு தாதியின் பொறுப்பில் ஒரு நோயாளி மிகுந்தோறும், 30 நாட்களுக்குள் இறப்பு நேர்வதற்குரிய வாய்ப்பு விகிதம் 7 சதவிகிதம் மிகுந்திருந்தது. கலிபோர்னியா மாகாணம் 1999-ஆம் ஆண்டிலேயே தாதியர் தொகைக்குச் சட்டம் இயற்றியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாதிக்கு இரு நோயாளருக்கு மேல் அங்கே ஒப்படைத்தலாகாது.

எனினும் அறிஞர் இங்கே அவசரப்படலாகாது. எய்க்கனின் கணக்கு உள்ளதை உள்ளவாறு நோக்கியெடுத்ததேயன்றிச் சீட்டுமுறையிற் பிரித்துச் சோதித்ததன்று. தாதியர் மிகுந்த ஆஸ்பத்திரிகள் வேறு வகையிலும் சிறந்திருத்தல் கூடும். மற்றும், தேர்ந்த நிபுணர் இரவிலும் பிரிவிலேயே தங்கினால் நலம் விளையுமா என்று 2013-ஆம் ஆண்டில் வெளியான ஒரு சோதனை ஆராய்ந்தது. பயிற்சி வைத்தியர் இரவிற் காவலிருந்து, நிபுணரைத் தொலைபேசியில் அழைக்க வசதியிருந்த அவ்விடத்தில், அதனால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே ஆட்களைப் பெருக்கினாற் போதும் என்பதும் முடிவன்று. யார், எப்போது, என்ன பயிற்சியுடன் நோயாளியின் அருகிலிருக்கிறார் என்பதே வினா.

2020-ஆம் ஆண்டில் கோவிட் நோய் உலகை வருத்தியபோது, தேசங்கள் சுவாச யந்திரங்களைத் தேடியலைந்தன. யந்திரம் வந்து சேர்ந்த இடங்களிலும், அதனை நடத்தப் பயின்றோர் போதாமை பெருங்குறையாயிற்று. கோப்பன்ஹேகன் கற்பித்த பாடத்தை உலகம் மீண்டும் ஒருமுறை கற்க நேர்ந்தது.

மாணவ நண்பர்களே! 1952-இல் அந்தப் பையை அழுத்தியோர் பெரும் புலவரல்லர்; பட்டம் பெறாத உங்களை ஒத்த இளைஞரே. அவர் செய்ததெல்லாம், கற்பித்த ஒரு சிறு தொழிலைப் பிழையின்றிச் செய்ததும், தமது முறை முடிந்து அடுத்தவர் வந்து பையைக் கையில் வாங்கும்வரை இடம்விட்டு எழாதிருந்ததுமேயாகும். அத்துணை எளிய உண்மையுடைமையால் எத்தனையோ உயிர்கள் பிழைத்தன. யந்திரங்கள் பெருகிய இக்காலத்தும் அவ்வுண்மையுடைமைக்கு மாற்றாக வருவது யாதொன்றுமில்லை.