தேடும் விழியும் தேர்ந்தெடுக்கும் மூளையும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில், செய்து முடித்த பொருளில் கீறலோ வெடிப்போ உள்ளதா என்று கண்ணால் பார்த்துக் கழிப்பது ஒரு தனி வேலை. குறையுள்ள ஒன்று தப்பிப் போய்விட்டால், "கண்ணை எங்கேயப்பா வைத்திருந்தாய்?" என்ற கேள்வி எழும். கேள்வி கேட்பது எளிது. விடை அத்தனை எளிதன்று.

நம் விழி ஒரே சீராக நகர்ந்து தேடுவதில்லை. விநாடிக்கு மூன்று நான்கு முறை தாவுகிறது. விழித்திரையின் நடுவேயுள்ள சிறு குழிக்கு மட்டுமே கூர்ந்த பார்வை உண்டாதலால் தாவியே தீரவேண்டும். விழியின் முன்புறம் பின்புறத்தைவிடச் சற்று நேர்மின் தன்மை உடையது. ஆகவே கண்ணருகே மின்முனைகளை ஒட்டித் தாவல்களைப் பதியலாம். அகச்சிவப்புக் கேமராவாலும் பதியலாம். மூளையின் மின்னலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிய முடியும் என்று 1929-இல் அறிவித்தவர் ஜெர்மானியரான ஹான்ஸ் பெர்கர்.

இரண்டையும் ஏன் சேர்த்துப் பதியவேண்டும்? விழி போன இடமும் மூளை தேர்ந்த இடமும் எப்போதும் ஒன்றல்ல என்பதனால்தான். பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரான ஆதித்ய மூர்த்தி, அமெரிக்காவில் தாம்சன், ஷால் ஆகியோருடன் குரங்குகளைக் கொண்டு செய்த ஆய்வை 2001-இல் வெளியிட்டார். பல உருவங்களிடையே வேறுபட்ட ஒன்றை நோக்கிக் குரங்கின் விழி தாவவேண்டும். சில தடவை மட்டும் அவ்வுருவம் திடீரென இடம் மாற்றப்படும். விழியோ பெரும்பாலும் பழைய இடத்துக்கே தாவிவிடும். ஆனால் முன்மூளையில் விழித் தாவலுக்குரிய பகுதியில் நுழைத்த நுண் மின்முனைகள், அங்குள்ள பார்வை நரம்பணுக்கள் புதிய இடத்தைத் தேர்ந்துவிட்டதைக் காட்டின! விழியை மட்டும் கவனித்திருந்தால் மூளைக்கு ஒன்றும் தெரியவில்லை என்றே எழுதியிருப்பார்கள்.

இனி நம் ஆலைக்கு வருவோம். 2005-இல் ஜெரமி உல்ஃப் குழுவினர், தேடும் பொருளைப் பாதிப் படங்களில் வைத்தபோது அதைத் தவறவிட்டது 7 விழுக்காடு. நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் வைத்தபோது 30 விழுக்காடு! அரிதாக வருவதைத் தேடும்போது 'இல்லை' என்று விரைந்து முடிவுகட்டப் பழகிவிடுகிறோம். நல்ல ஆலையில் குறை அரிதுதானே? ஆக, பொருள் நன்றாக வர வர, சோதிப்பவரின் பாடு கடினமாகிறது. அவருடைய சம்பளத்தைப் பிடிப்பதால் இது மாறப்போவதில்லை.

விமான நிலையங்களில் பெட்டிகளை ஊடுகதிர்த் திரையில் பார்ப்போருக்கு இடையிடையே பொய் ஆயுதப் படங்களைக் காட்டி, உடனே விடையும் சொல்லிவிடும் முறை உண்டு. குறையுள்ள மாதிரிகளை வேண்டுமென்றே கலந்து வைத்து இதை ஆலைகளிலும் செய்து பார்க்கலாம், செலவும் அதிகமில்லை.