ரயில் பார்ப்பது பொழுதுபோக்கா? சொல்ல ஏன் கூச்சம்?

“லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?” என்று யாராவது கேட்டால் ஜிம், டிரெக்கிங் என்று சட்டென்று சொல்லிவிடலாம். “மதுரை கூடல்நகர் ஸ்டேஷன்ல நின்னு ரயில் பார்ப்பேன்” என்று சொல்லத்தான் நாக்கு கூசும். “நீ என்ன சின்னப்பிள்ளையா?” என்று கேட்பார்களே!

இங்கே மட்டுமா இந்தக் கேலி?

இல்லை. பிரிட்டனில் 1942-ல் இயான் ஆலன் என்பவர் ரயில் இன்ஜின் எண்களைச் சிறு புத்தகமாகப் போட்டார். பள்ளிப் பையன்கள் அதை வாங்கிக்கொண்டு பிளாட்பாரங்களில் குவிந்தார்கள். பின்னாளில் ரயில் ரசிகர்கள் அணியும் மழைக்கோட்டின் பெயரான ‘அனோராக்’ என்பதே அங்கே கேலிச்சொல் ஆகிவிட்டது.

அப்படி என்ன பார்க்கிறார்கள்?

உதாரணமாக, ‘டபிள்யூஏபி-7’ என்ற இன்ஜின். டபிள்யூ என்றால் அகல ரயில்பாதை, ஏ என்றால் ஏசி மின்சாரம், பி என்றால் பயணிகள் ரயில், 7 என்பது மாடல். மீட்டர் கேஜ் இன்ஜின் என்றால் முதல் எழுத்து ‘ஒய்’.

இதனால் என்ன பிரயோஜனம்?

அந்த ‘ஒய்’ இன்ஜின்கள் ஓடிய மதுரை-போடி பாதை, அகலப்படுத்தும் பணிக்காக 2010 கடைசியில் மூடப்பட்டது. தேனிக்கு ரயில் திரும்பியது 2022 மே மாதம். போடிக்கு 2023 ஜூன். இடைப்பட்ட காலத்தில் உசிலம்பட்டியில் வளர்ந்த பிள்ளைகள் ஊருக்குள் ரயிலே பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் பழைய ரயிலை இன்று காட்ட வேண்டுமென்றால், ரசிகர்கள் அன்று எடுத்து வைத்த போட்டோவும் வீடியோவும்தான் கைகொடுக்கின்றன.

அதனால் கூச்சப்படாதீங்க. பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துட்டு, தண்டவாளத்துப் பக்கம் இறங்காம, தாராளமா ரயில் பாருங்க. தேதியையும் குறிச்சு வைங்க.