நீரலையும் ஒளியலையும்

அசைவற்ற குளத்தில் ஒரு கல்லை இட்டால் வட்டவட்டமாய் அலைகள் எழுந்து பரவுதலை நாம் யாவரும் கண்டிருக்கின்றோம். அவ்வலைகளின் வழியில் ஒரு கழி நட்டிருப்பின், அவை அதனைச் சூழ்ந்து வளைந்து அப்பாற் செல்லும். சிறு வாயிலையுடைய தடுப்பொன்றில் மோதும் அலையோ, அவ்வாயிலே தன் பிறப்பிடமாயினாற்போல அரைவட்டமாய் விரியும். இதனை விளிம்பு விளைவு என்பர். இனி, இரண்டு விரல்களால் நீரை ஒருங்கே பன்முறை தொடுவோமாயின், இரு அலைக்கூட்டங்கள் எழுந்து ஒன்றையொன்று ஊடுருவும். முகட்டொடு முகடு கூடுமிடத்து நீர் மிக உயரும். முகட்டொடு அகடு கூடுமிடத்து நீர் அசைவின்றிக் கிடக்கும். இது குறுக்கீட்டு விளைவு எனப்படும்.

ஒளியும் இவ்வாறு ஒழுகுமோ? ஒழுகாதென்றே நியூட்டன் கருதினார். குன்றின் மறைவில் ஒலிக்கும் மணியின் ஓசை நம் செவிக்கு எட்டுகின்றது. மணியோ கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆதலின் ஒளி அலையன்று, நுண்டுகள்களின் ஓட்டமே என்பது அவர் துணிபு. ஆயினும், இத்தாலிய நாட்டுக் குருவாகிய கிரிமால்டி என்பார், நுண்ணிய துளைவழி வரும் ஒளியில் வைத்த பொருளின் நிழல் நேர்கோட்டுக் கணக்கினும் அகன்று, ஓரங்களில் நிறக்கோடுகளோடு தோன்றுதலைக் கண்டிருந்தார். அவர் இறந்தபின் 1665-ம் ஆண்டில் வெளிவந்த நூலில் இச்செய்தி உள்ளது.

1803-ம் ஆண்டில் தாமஸ் யங் என்னும் ஆங்கில மருத்துவர், ஓர் அங்குலத்தின் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைக் கதிரவன் ஒளியிற் பிடித்தார். அதன் நிழலினுள்ளே ஒளியும் இருளுமாய்க் கோடுகள் தோன்றின. ஒரு பக்கத்து ஒளியை மறைத்தவுடன், மறுபக்கத்து ஒளி வந்துகொண்டிருந்தும், அக்கோடுகள் மறைந்தன. எனவே, ஒளியோடு ஒளி கூடியதனாலேயே இருட்கோடுகள் உண்டாயின என்பது தெளிவு. முகட்டொடு அகடு கூடிய குளத்து நீரும் இதனையன்றோ காட்டிற்று? ஆற்றல் அங்கே அழிவதன்று. இருளில் குறைந்தது ஒளிக்கோடுகளிற் சென்று மிகுகின்றது.

அங்ஙனமாயின், இரண்டு விளக்குகளை ஏற்றியவிடத்து இருட்கோடுகள் தோன்றாமை என்னை? நம் இரு விரல்களும் ஒத்து அசைந்தன. இரு விளக்குகளின் அலைகளோ கணந்தோறும் ஒத்திசைவின்றி மாறுகின்றன. யங் ஓரொளியையே இரண்டாகப் பகுத்தமையின் அவருக்குக் கோடுகள் புலனாயின.

நியூட்டனின் தடைக்கும் விடை அலைநீளத்தில் உள்ளது. குளத்தலையின் நீளம் சில விரற்கிடை. ஓசையலையின் நீளம் ஒரு மீட்டரை ஒட்டியும் அமையும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியலையின் நீளமோ ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரங் கூறிட்டதில் ஏறக்குறைய 4 முதல் 7 கூறே. ஒரு மீட்டர் அகலமுள்ள வாயில் அதற்கு ஏறத்தாழ இருபது இலட்சம் மடங்கு பெரிது. ஆதலின் அங்கு ஒளி வளைதல் நம் கண்ணுக்குத் தோன்றுவதில்லை.

வேற்றுமையும் உண்டு. நீரலைக்கு நீர் வேண்டும். ஒளியோ வெற்றிடத்தையுங் கடந்து வரும். ஒளிக்குத் துகளின் தன்மையும் உண்டென்பது இருபதாம் நூற்றாண்டின் துணிபு. எனினும் கூடுதலும் வளைதலும் இரண்டற்கும் பொதுவே. பெரியோர் சொல் என்று அமைந்துவிடாது, ஓர் அட்டைத் துண்டைக் கொண்டு உண்மையை வினவியவரை நாம் மறவாதிருப்போமாக.