காந்தத்துக்குள் ஓர் உளவாளி

உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் இருந்தால், நீங்கள் சேவ் செய்யும் பைல்கள் அதில் நுண்ணிய காந்தப் பதிவுகளாகவே இருக்கின்றன. (எஸ்.எஸ்.டி.யில் இந்த முறை கிடையாது.) காந்தங்கள் நிறுத்திய திசையிலேயே நிற்பதால்தான் பவரை ஆஃப் செய்தாலும் பைல் அழிவதில்லை. ஆனால் எந்தத் திசையிலும் நிற்க முடியாத காந்தப் பொருள்களும் உண்டு.

ஏன் இந்தத் தவிப்பு?

ஒரு முக்கோணம் வரையுங்கள். மூலைக்கு ஓர் அணு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்து அணுவுக்கு எதிர்த் திசையில் நிற்க வேண்டும் என்பது விதி. முதல் மூலையில் 0, இரண்டாவதில் 1 போடுங்கள். மூன்றாவதில் எதைப் போட்டாலும் ஒன்றோடு மோதும். புரோகிராம் எழுதும் எனக்கு, முடிவே இல்லாத லூப்தான் ஞாபகம் வருகிறது.

மியூவான் என்ன செய்கிறது?

அணுக்கள் எதிரெதிராக ஒழுங்காக நின்றாலும், ஓயாமல் திரும்பிக்கொண்டிருந்தாலும், வெளியிலிருந்து பார்த்தால் மொத்தக் காந்தம் ஏறக்குறைய பூஜ்யம்தான். எனவே உள்ளே ஆள் அனுப்ப வேண்டும்.

மியூவான், எலெக்ட்ரானைப் போல 207 மடங்கு எடையுள்ள துகள். சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ செகண்ட். இங்கிலாந்தின் ஐசிஸ், சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் போன்ற ஆய்வுக்கூடங்களில் இவற்றை உண்டாக்கி, காந்த முள் ஒரே திசையைக் காட்டும்படி பொருளுக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே இருக்கும் காந்தப் புலம் அந்த முள்ளைச் சுழற்றும். மியூவான் அழியும்போது, முள் காட்டும் பக்கமாகவே பாசிட்ரான் என்ற துகள் அதிகம் பறக்கும். லட்சக்கணக்கில் அவற்றை எண்ணிக் கம்ப்யூட்டரில் கிராப் போடுகிறார்கள். சீரான அலை தெரிந்தால், அணுக்கள் ஒழுங்காக நின்றுவிட்டன. அலையின்றித் தேய்ந்தால், வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்து, அணுக்கள் இன்னும் அசைகின்றனவா என்று சரிபார்ப்பார்கள்.

சென்னையில் ஒரு முயற்சி

நியோடிமியம், டாண்டலம், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருளில் நியோடிமியம் அணுக்கள் முக்கோணங்களாக அமைந்துள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யினரும் ஸ்லோவேனியாவின் ஜோசப் ஸ்டெபான் நிறுவனத்தினரும் இதை ஆராய்ந்த முடிவு, 2022-ல் 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழில் வந்தது. மைனஸ் 273 டிகிரியை ஒட்டிய குளிரிலும் அணுக்கள் ஒழுங்குக்கு வரவில்லை என்று மியூவான்கள் காட்டின. உறையாத தண்ணீர் போன்ற இந்த நிலைக்கு 'ஸ்பின் திரவம்' என்று பெயர். குவாண்டம் கம்ப்யூட்டருக்கு இத்தகைய பொருள்கள் உதவலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது.

இந்த நியோடிமியம் எங்கள் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலின் மோனசைட்டிலும் உண்டு. ஹார்ட் டிஸ்க்கின் ஹெட்டை நகர்த்தும் காந்தத்திலும் அதுவே, இரும்போடும் போரானோடும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் திசை மாறாமல் நிற்கிறது. அணு ஒன்றுதான், சேர்க்கையும் அடுக்கும்தான் வேறு.

பழுதான டிஸ்க்கைக் கழற்றினால் அந்தக் காந்தத்தைப் பார்க்கலாம். விரலை நசுக்கிவிடும், கவனம்!