வெண்பனியின் நிறம்

உறைபனி மூடிய நிலக்காட்சியைத் தைல வர்ணத்தில் எழுதப் புகும் ஒருவன் முதற்கண் நாடுவது வெள்ளை வர்ணத்தையே. அவன் இடர்ப்படுவதும் அங்கேதான். பனி வெண்மையானது என்பது நம் அறிவு கூறும் செய்தி. கண் காண்பதோ வேறு. இவ்விரண்டனுள் எதனை நம்புவது என்பதே இவ்வகைச் சித்திரத்தின் முதல் வினா. (பனி என்னும் சொல் நம்மிடைப் பெரும்பாலும் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையே குறிக்கும். ஈண்டுக் கூறப்படுவது மேனாட்டுக் குளிர்காலத்தில் பஞ்சுபோல் வீழ்ந்து தரையை மூடும் பனி.)

கிளாட் மோனே என்னும் பிரெஞ்சு ஓவியர் எழுதிய 'மேக்பை' என்னும் சித்திரத்தை நோக்குவோம். 1868-69ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நார்மண்டிக் கடற்கரையிலுள்ள எத்ரெத்தா என்னும் ஊரில் அஃது எழுதப்பெற்றது. அப்பொழுது அவருக்கு வயது 28. கைப்பொருளின்றி வருந்திய அவருக்கும், காமில் என்னும் நங்கைக்கும், அவர்தம் குழந்தைக்கும், கோதிபேர் என்னும் வணிகரின் உதவியால் அவ்வூரில் ஒரு வீடு கிடைத்திருந்தது. படத்தில் மனிதர் எவரும் இலர். பனி சுமந்த படல்வேலி ஒன்று. அதனருகே ஒரு மரக்கதவு. கதவின்மேல் காக்கையினத்தைச் சேர்ந்த கறுப்பும் வெள்ளையுமான மேக்பைப் பறவை. வேலியின் பின்னிருந்து வெயில் வீசுவதால் வேலிநிழல் நம்மை நோக்கி நீண்டு கிடக்கின்றது. அந்நிழலின் நிறம் நீலம்!

இது கற்பனையன்று. வெயில் படாத பனிக்கு ஒளி தருவது வானமே. வானத்தின் நீல ஒளி வெண்பரப்பில் விழுதலின் நிழல் நீலமாகின்றது. வெயில் படும் இடமோ இளமஞ்சளும் மெல்லிய செம்மையும் கலந்து தோன்றும். அருகருகே நிற்கும் வர்ணங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்பதனைச் செவ்ரோல் என்னும் பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1839-இலேயே ஒரு நூலில் விளக்கியிருந்தார். ஆயினும் நிழலுக்குப் பழுப்பைக் குழைப்பதே ஓவியச்சாலைகளில் நெடுங்காலம் பயின்று வந்த முறை. பாரிஸ் 'சலோன்' கண்காட்சியின் தேர்வுக்குழுவினர் 1869-இல் மோனேயின் படத்தை ஏற்க மறுத்தனர். வறியவராகிய ஓவியருக்கு அம்மறுப்பு எத்தகைய அடி என்பது சொல்லாமலே விளங்கும். இன்று அப்படம் பாரிஸிலுள்ள ஒர்சே காட்சிசாலையில் இருக்கின்றது.

இனி, கைவேலையைப் பற்றிச் சிறிது கூறுவோம். வெயிலில் ஒளிரும் பனியின் பிரகாசத்தை எவ்வகை வெள்ளை வர்ணமும் எட்டாது. ஆதலின் பனிப்பரப்பு முழுவதையும் ஒருபடி மங்கலாகவே எழுதி, தூய வெள்ளையைக் கஞ்சன் காசுபோற் காத்துவைத்தல் வேண்டும். முதலில் டர்ப்பன்டைன் கலந்து மெலிதாக்கிய வர்ணத்தால் உருவங்களையும், பின்னர் நீலமும் ஊதாவும் கலந்த நிழல்களையும், அதன்பின் இடைநிலை ஒளியையும் அமைப்பர். எண்ணெய் உலர்தல் நீர் வற்றுதல் போன்றதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று இறுகுவதே அதன் இயல்பு. எனவே கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருத்தல் வேண்டும். மாறிச் செய்தால், அடி இறுகுமுன் மேல் இறுகி வெடித்துவிடும்.

எண்ணெயிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆளிவிதை எண்ணெய் உறுதியான படலம் தருவது. ஆனால் நாளடைவில் மஞ்சளிக்கும். கசகசா எண்ணெய் அத்துணை மஞ்சளிப்பதில்லை. ஆனால் உலர நாட்கள் பல ஆகும். பனிக்காட்சிக்கு மஞ்சளிப்பே பெரும்பகை. வெள்ளைகளுள் பழமையான ஈயவெள்ளை விரைவில் உலர்வது, நஞ்சும் ஆவது. இப்பொழுது பெரிதும் வழங்கும் டைட்டானிய வெள்ளை 20ஆம் நூற்றாண்டில் வந்தது.

இறுதியில், வெயில் நேரே தாக்கும் விளிம்புகளில் மட்டும், தூரிகை நிறைய எடுத்த வெள்ளையைத் தடிப்பாக வைப்பர். அப்பொழுதும் பனி ஒளிரவில்லையாயின், மேலும் வெள்ளையைப் பூசிப் பயனில்லை. அருகே கரிய பொருளொன்று வேண்டும். எத்ரெத்தாக் காட்சியில் அவ்வேலையைச் செய்வது கதவின்மேல் அமர்ந்த அச்சிறு பறவை.