கழுத்து தளர்ந்த வயலின்

அகளி என்ற ஊர் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அட்டப்பாடி மலைப்பகுதியைச் சேர்ந்தது. மண்ணார்க்காட்டிலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்தால் அகளி வரும். இன்னும் கிழக்கே போனால் ஆனைகட்டி. அதைத் தாண்டினால் கோயம்புத்தூர்.

அகளியில் ஒரு வீட்டுப் பரணில் பழைய வயலின் ஒன்று கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா வாசித்தது. பேத்தி அதை எடுத்துத் துடைக்கிறாள். தந்தியை முடுக்குகிறாள். விரலை வைத்து அழுத்துகிறாள். விரல் வலிக்கிறது. தந்தி பலகையை விட்டு மிக உயரத்தில் நிற்கிறது. சுருதி சேரவில்லை.

"இது இனிமேல் உதவாது. அடுப்பில் போடு" என்கிறார் ஒருவர். "ஒரு ஆணி அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார் இன்னொருவர்.

இரண்டு பேர் சொல்வதும் தவறு. அந்த வயலின் சாகவில்லை. அதன் கழுத்து தளர்ந்திருக்கிறது. அவ்வளவுதான்.

கழுத்து ஏன் தளர்கிறது?

வயலினின் உடல் ஒரு மரப்பெட்டி. உள்ளே வெறும் காற்று. பெட்டியின் மேல் முனையில் ஒரு கட்டை உண்டு. அதில் பள்ளம் வெட்டி, கழுத்தின் அடியைச் செருகி, பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். கழுத்தின் மேல் கருங்காலிப் பலகை இருக்கும். அதுதான் விரல் பலகை.

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தை 20 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. ஓர் அரிசி மூட்டையைத் தொங்கவிட்டது போன்ற இழுப்பு அது. இரவும் பகலும் இழுக்கிறது.

நம் வித்வான்கள் தரையில் அமர்ந்து வாசிக்கிறார்கள். வயலினின் தலைச் சுருளை வலது பாதத்தில் ஊன்றிக்கொள்கிறார்கள். அந்த அழுத்தமும் கழுத்துக்குத்தான்.

மழையும் வெயிலும் சேர்ந்துகொள்கின்றன. அட்டப்பாடியின் மேற்குப் பக்கம் மழை அதிகம். கிழக்குப் பக்கம் வறட்சி. மழைக்காலத்தில் மரம் ஊதும். கோடையில் சுருங்கும். தகர ஓட்டின் அடியில் பரண் கொதிக்கும். பசை இளகும். கழுத்து மெல்ல முன்னால் சாயும்.

பிரிவதற்காகவே ஒட்டிய ஒட்டு

வயலினை ஒட்டுவது தச்சர்கள் அறிந்த வஜ்ஜிரம். மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசை. காய்ந்தால் கல் போல இருக்கும். வெந்நீரின் ஈரமும் சூடும் பட்டால் விட்டுவிடும்.

இது குறை அல்ல. தெரிந்தே செய்த ஏற்பாடு. ஒரு நாள் பெரிய அதிர்ச்சி வந்தால் ஒன்று மரம் பிளக்க வேண்டும், அல்லது ஒட்டு விட வேண்டும். ஒட்டு விட்டால் திரும்ப ஒட்டலாம். மரம் பிளந்தால் என்ன செய்வது? அதனால்தான் மரத்தைவிட மெலிந்த பசையைத் தேர்ந்தெடுத்தார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

விரல் பலகையின் மேல் நேரான அளவுகோலை வைக்க வேண்டும். அதைக் குதிரை வரை நீட்ட வேண்டும். தந்திகளைத் தாங்கி நிற்கும் மரத்துண்டுதான் குதிரை. அளவுகோல் குதிரையைத் தொடும் இடம், வயலினின் மேல் பலகையிலிருந்து ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட நன்றாகத் தாழ்ந்திருந்தால் கழுத்து சாய்ந்துவிட்டது என்று பொருள். கழுத்தின் அடியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி தெரிந்தாலும் அதே பொருள்தான்.

கழற்றுவது

வயலின் செய்யும் கைவினைஞர் முதலில் தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். குதிரையை எடுப்பார். பெட்டிக்குள் நிற்கும் சிறு கட்டை அப்போது விழலாம். பயப்பட வேண்டாம். அதைப் பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து மெல்லிய கத்தியால் ஒட்டைத் திறப்பார். கழுத்தின் அடியில், முதுகுப் பலகையின் ஒரு சிறு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அது உடையக் கூடாது. மிகவும் கவனம் வேண்டிய இடம் இதுதான். பிறகு கழுத்தை மெல்ல அசைப்பார். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். கழுத்து கையோடு வரும்.

திரும்பப் பொருத்துவது

பழைய பசையை வெந்நீர்த் துணியால் துடைக்க வேண்டும். பள்ளம் அகன்றிருந்தால் மெல்லிய மரச்சிம்பு ஒட்டி நிரப்ப வேண்டும்.

பிறகு பள்ளத்தில் சாக்கட்டி பூசுவார். கழுத்தைச் செருகி எடுப்பார். சாக்கட்டி ஒட்டிய இடம்தான் உரசும் இடம். அங்கே மட்டும் உளியால் ஒரு சீவல். மறுபடி செருகல். மறுபடி சீவல். பசை இல்லாமலே கழுத்து அசையாமல் நிற்கும் வரை இதைச் செய்வார். ஒவ்வொரு முறையும் அளந்து பார்ப்பார். கழுத்து நேராக நிற்கிறதா? முறுக்கிக்கொண்டதா? உயரம் 27 மில்லிமீட்டர் வருகிறதா?

வஜ்ஜிரத்தை முன்னதாகவே தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அடுத்து ஒரு பாத்திரத்து வெந்நீருக்குள் இன்னொரு பாத்திரத்தை வைத்துச் சூடாக்க வேண்டும். கொதிக்க விட்டால் பசை கெட்டுவிடும். சூடாகத் தடவி, உடனே செருகி, இறுக்கி, ஒரு நாள் அப்படியே விட வேண்டும். பிறகுதான் குதிரையும் தந்தியும்.

பெரியவர்களின் வயலினும் இப்படித்தான்

இத்தாலி நாட்டில் கிரிமோனா என்று ஒரு நகரம். அங்கே அந்தோனியோ ஸ்டிராடிவாரி வயலின்கள் செய்தார். 1737இல் மறைந்தார். அவர் காலத்தில் கழுத்தை உள்ளிருந்து ஆணி அடித்துப் பொருத்தினார்கள். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெரிய மண்டபங்களுக்கு உரத்த ஓசை தேவைப்பட்டது. கழுத்துகளை எடுத்துவிட்டு, நீளமாகவும் பின்னால் சாய்வாகவும் புதிதாகப் பொருத்தினார்கள். பழைய தலைச் சுருளை மட்டும் புதுக் கழுத்தில் ஒட்டினார்கள். இன்று உலகில் மிக அதிக விலை போகும் அவருடைய வயலின்களில் ஏறத்தாழ எல்லாமே கழுத்து மாற்றியவைதான்.

நம் இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858). இவர் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி. சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் கற்றார். தஞ்சை வடிவேலுவும் வயலினில் சிறந்தவர். திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் அவருக்குத் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசளித்தார்.

செய்யக் கூடாதவை

ஆணியோ திருகாணியோ அடிக்கக் கூடாது. கட்டை பிளக்கும்.

கடையில் விற்கும் வெள்ளைப் பசையும், இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் பசையும் வேண்டாம். அடுத்த முறை ஒட்டைப் பிரிக்க முடியாது. பிரித்தால் மரமும் சேர்ந்து பிய்யும்.

சாராயம் கலந்த எதையும் மேல் பூச்சில் விடக் கூடாது. மெருகு கரையும்.

வீட்டில் யாரும் தாமே கழற்றிப் பார்க்க வேண்டாம். தந்தியைத் தளர்த்தி, துணியில் சுற்றி, அறிந்தவரிடம் கொண்டு போகலாம். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் வயலின் ஆசிரியரைக் கேட்கலாம். பாலக்காட்டில் செம்பை வைத்தியநாத பாகவதர் பெயரில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அங்கேயும் விசாரிக்கலாம்.

வயலின் திரும்பி வந்த பிறகு அதைப் பரணில் போடக் கூடாது. அடுப்பு, வெயில், ஈரச்சுவர் மூன்றும் ஆகாது. பெட்டியில் வைக்க வேண்டும். தினமும் எடுத்து வாசித்தால் இன்னும் நல்லது. கழுத்து மறுபடி சாயத் தொடங்கினால் வாசிப்பவரின் விரலுக்குத்தான் முதலில் தெரியும்.