இரும்புப் பீப்பாவில் வந்த அமிலம்

உலோகங்களின் தாக்கத் தொடரை யாழ்ப்பாணத்தில் பல வருடங்கள் படிப்பித்தவன் நான். பொற்றாசியம், சோடியத்தில் தொடங்கி மகனீசியம், அலுமினியம், நாகம், இரும்பு என இறங்கி, ஐதரசனையும் தாண்டிச் செம்பு, வெள்ளி, பொன் என்று முடியும் அட்டவணை அது. ஐதரசனுக்கு மேலே உள்ளவை ஐதான அமிலத்தில் கரைந்து ஐதரசன் வாயுவைத் தரும். கீழே உள்ளவை தரா. பிள்ளைகள் மனனம் செய்தார்கள், புள்ளி பெற்றார்கள். (எங்கள் ஊர்ச் சாதி அடுக்கு மாதிரி இருக்கிறது சேர் என்று ஒரு மாணவி ஒருமுறை சொன்னாள். அன்று நான் அதைக் கேளாதவன் போல் இருந்துவிட்டேன்.)

இன்று ரெக்சாஸ் மாநிலத்துப் பேர்லேண்டில், இரும்புச் சாமான்களுக்கு நாகப் பூச்சிடும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சுமார் 450 பாகை செல்சியசில் உருகி நிற்கும் நாகத்தில் இரும்பைத் தோய்க்கமுன் அதன் துரு போகவேண்டும். அதற்குச் சூடாக்கிய ஐதான சல்பூரிக்கமிலத் தொட்டி. இரும்பையும் தின்னும் என்பதால் தொட்டிக்கு உள்ளே ரப்பர் உறை போட்டிருக்கிறார்கள். ஆனால் அதே அமிலம், செறிந்த நிலையில், வெறும் இரும்புப் பீப்பாக்களில் வந்து இறங்குகிறது! முதல் நாள் அதைப் பார்த்துத் திகைத்து நின்றேன்.

விடை அட்டவணையில் இல்லை, உலோகத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. செறிந்த அமிலம் இரும்பைத் தொட்டவுடன் சிறிது தாக்கம் நடக்கும். உண்டாகும் இரும்புச் சல்பேற்று, தண்ணீர் மிகக் குறைந்த அந்த அமிலத்தில் கரையாமல் படலமாக ஒட்டிக்கொள்ளும். அதன்பின் அமிலம் இரும்பை எளிதில் அணுகாது. தண்ணீர் சேர்ந்தால் படலம் கரையும், தாக்கம் மீண்டும் தொடங்கும். அதாவது, நாம் "பலம் குறைந்தது" என்று நினைக்கும் அமிலமே இரும்புக்குக் கூடிய ஆபத்து.

நைத்திரிக்கமிலத்திலும் இப்படியொரு விந்தை உண்டு. செறிந்த அமிலத்தில் தோய்த்த இரும்பு அடங்கிவிடும். பின்பு ஐதான அமிலத்தில் வைத்தாலும் பேசாமல் இருக்கும். ஒரு கீறல் விழுந்தால் பொங்கும். 1836இல் ஷொன்பைன் என்ற இரசாயனவியலாளர் பரடேக்கு எழுதிய கடிதத்தின் பொருள் இதுதான். அலுமினியம் தொடரில் இரும்புக்கு மேலே இருந்தும் சமையலறையில் சாதுவாக இருப்பது அதன் ஒட்சைட்டுப் படலத்தினால். செம்போ ஐதரசனைத் தராது. ஆனாலும் நைத்திரிக்கமிலம் அதை ஒட்சியேற்றிக் கரைத்து, கபில நிற நச்சுவாயுவைக் கிளப்பும். "கீழே உள்ளவை தாக்கமுறா" என்று எழுதிய விடைத்தாள்களுக்கு நான் எத்தனை தடவை முழுப்புள்ளி போட்டேனோ தெரியாது.

இவ்வளவும் தெரிந்தவன்தான், ஒரு மாலை, வெறுமையான பீப்பாவைச் சுத்தம் செய்யும் எண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி, மூடியை இறுக்கிவிட்டு வீடு போனேன். அடியில் அமிலம் மிஞ்சியிருந்தது. காலையில் பீப்பாவின் இரு முனைகளும் வயிறு ஊதியது போல் வெளியே தள்ளி நின்றன. மெக்சிக்கோக்காரத் தோழர் ஒருவர் அதை இரண்டாக வெட்டக் கிரைண்டரோடு வந்துகொண்டிருந்தார். "நில்லுங்கோ!" என்று தமிழில் கத்தினேன். கத்திய தொனியே போதுமாக இருந்தது. எல்லாரும் விலகியபின் போர்மன் மூடியை மெல்ல மெல்லத் தளர்த்தினார். நெடுநேரம் சீறியது. அவ்வளவும் ஐதரசன். ஒரு பொறி போதும்.

2001 யூலை 17இல் டெலவெயார் சிற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் இதற்கு நெருங்கிய ஒன்று நடந்தது. பாவித்த சல்பூரிக்கமிலம் இருந்த தாங்கியை அமிலம் அரித்துத் துளையாக்கியிருந்தது. அங்கே ஐதரசன் அல்ல, அமிலத்தோடு கலந்திருந்த எண்ணெயின் ஆவி. பக்கத்தில் நடந்த திருத்த வேலையின் பொறி அதைப் பற்றவைத்தது. ஒரு தொழிலாளி இறந்தார், எட்டுப்பேர் காயமுற்றனர்.

எம்மவர் பலர் இன்று இப்படியான வேலைகளில் இருக்கிறார்கள். அமிலம் இருந்த இரும்புப் பீப்பாவுக்குள் கொஞ்சத் தண்ணீர் விட்டு மூடாதீர்கள். ஊதிய பீப்பாவைத் தொடாமல் மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். உள்ளே வாயு இல்லையென்று கருவி வைத்துப் பார்த்தபிறகே கிரைண்டரோ வெல்டிங்கோ அதன் பக்கம் போகவேண்டும்.